வெங்காயக் கொட்டகை முனை

லோவெட் ஸ்பிரிங்ஸ், ஜார்ஜியா
ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய திருமதி ரெனிட்டா டீஸ்லி அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு எனக்கு எந்த உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. முதலில் அதற்காக மன்னித்துக்கொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினர் லாசிட்டரின் அலுவலகத்திலிருந்து உங்களுக்கு ஒரு கடிதம் இந்த வாரம் வந்திருக்கும். முத்திரை போட்ட உறை, தட்டச்சு செய்த ஒரே பக்கம், அடியில் குறியிடுவதற்கு இரண்டு கட்டங்கள். அதைத் தட்டச்சு செய்தவள் நான்தான். இந்தக் கடிதத்தைப் பற்றி அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். எழுத்து சில இடங்களில் சாய்ந்து போயிருக்கும். மேஜையின் ஒரு கால் குட்டை.

உங்களுக்கு என்னை நினைவிருக்காது. பள்ளி அலுவலகத்தில் நீங்கள் வேலை பார்த்தபோது, தாமதமாக வரும் பிள்ளைகளுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பீர்கள். அந்த வரிசையில் அடிக்கடி நின்றவள் நான். மற்றவர்கள் காரணம் கேட்பார்கள். நீங்கள் கேட்டதில்லை. யெசேனியா பராகான் என்று எழுதி, நேரத்தைப் போட்டு, "ஓடு" என்று மட்டும் சொல்வீர்கள். ஓடி ஓடி ஒருவழியாகக் கல்லூரியும் முடித்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இப்போது லாசிட்டரின் அலுவலகத்தில் கடிதங்கள் எழுதுகிறேன். பெரும்பாலும் "வருந்துகிறோம்" என்று முடியும் கடிதங்கள்.

சின்சினாட்டியில், உங்கள் தங்கை வீட்டுப் பக்கம், இன்னும் குளிராக இருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே வெங்காய அறுவடை தொடங்கிவிட்டது. காற்று முழுக்க அதே வாசனைதான். உங்கள் பழைய வீட்டில் இப்போது ஒரு இளம் தம்பதி இருக்கிறார்கள். வராந்தாவுக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். பார்க்கக் கொஞ்சம் அதிகப்படியான மஞ்சள்தான். பெக்கான் மரத்தை வெட்டவில்லை. பெத்தேல் சபையில் பாடகர் குழுவுக்குப் புது அங்கி வந்திருக்கிறது. அளவு சரியில்லை என்று அத்தனை பேரும் சண்டை. இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், சொல்ல வந்த விஷயத்தைத் தொடங்க எனக்குக் கை வரவில்லை.

அலுவலகக் கடிதம் எல்லாவற்றையும் நாலு வரியில் சொல்கிறது. நடந்ததை நடந்தபடி உங்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

உங்கள் கணவர், துணை ஷெரிஃப் வெண்டல் டீஸ்லியின் பெயரை ஒரு சாலைச் சந்திப்புக்கு வைப்பது என்று சட்டமன்றம் போன வருடம் தீர்மானம் போட்டது. நீங்கள் சம்மதக் கடிதம் அனுப்பினீர்கள், விழாவுக்கு வரவில்லை. பெத்தேல் சபைக் கூடத்தில் மாதிரிப் பலகையை நீலத் துணி போட்டு மூடி வைத்து, கயிற்றை இழுத்துத் திறந்தோம். கயிறு முதலில் சிக்கிக்கொண்டது. லாசிட்டர் நாற்காலி மேல் ஏறி அதை விடுவிக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரிப் பலகை உங்களுக்கு உரியது. பழுப்புத் தாள் சுற்றி என் நாற்காலிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் முகவரிக்கு அனுப்புகிறோம்.

உண்மையான பலகைகளைச் சாலைத் துறை ஆட்கள் பிப்ரவரியில் நட்டார்கள். நட்ட மறுநாள் ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து சார்ஜெண்ட் பிகெட் எங்கள் அலுவலகத்துக்குள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்தார்.

"எங்க கொண்டுபோய் வச்சிருக்கீங்க அதை?"

"எங்க வைக்கணும்னு தீர்மானம் போட்டமோ அங்கதான்," என்றார் லாசிட்டர்.

"அவன் உயிர் போனது ஓடைப் பள்ளத்துல. நீங்க வெங்காயக் கொட்டகை முன்னாடி நட்டு வச்சிருக்கீங்க. வெங்காயம் விக்கவா செத்தான் அவன்?"

லாசிட்டர் சாலைத் துறை மேஸ்திரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒலிபெருக்கியில் போட்டதால் நாங்கள் எல்லோரும் கேட்டோம். மேஸ்திரி ஏதோ மென்றுகொண்டே பேசினார். "தாள்ல என்ன இருக்கோ அதைத்தான் செஞ்சோம் சார். முப்பத்தேழாம் நெடுஞ்சாலையும் டில்மன் பாலச் சாலையும் சேர்ற இடம். வடக்கேருந்து வந்தோம். சேர்ற இடம் வந்துச்சு. நட்டோம். அங்க கடையில சாப்பாடும் நல்லா இருந்துச்சு."

அப்போதுதான் நான் எழுந்து சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தின் முன்னால் போய் நின்றேன். டில்மன் பாலச் சாலையின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனேன். அது வில் மாதிரி வளைகிறது, திருமதி டீஸ்லி. வெங்காயக் கொட்டகை முனையில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்து, கிழக்கே வயல்களைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் தெற்கே ஓடைப் பள்ளத்தில் வந்து அதே நெடுஞ்சாலையைக் கடக்கிறது. ஒரே சாலை, ஒரே நெடுஞ்சாலை, இரண்டு சந்திப்புகள்.

"சார்," என்றேன். என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அது எனக்குப் பழகிப்போன ஒன்றுதான். இரண்டாவது முறை சொன்னபோது எல்லோரும் என் விரலைப் பார்த்தார்கள்.

எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. வடக்கே இருப்பவர்களுக்கு அது பள்ளிக்கூடச் சாலை. தெற்கே இருப்பவர்களுக்கு ஓடைச் சாலை. டில்மன் பாலச் சாலை என்று யாருமே சொல்வதில்லை. பாலமே இடிந்து எவ்வளவோ காலம் ஆகிறது. அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுதாக ஓட்டிப் பார்த்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. தீர்மானத்தை எழுதியவருக்கும் தெரியவில்லை, கைதூக்கியவர்களுக்கும் தெரியவில்லை.

இரண்டு இடத்திலும் வைக்கலாமே என்று நான் கேட்டேன். ஒரு தீர்மானத்துக்கு ஒரு சந்திப்புதான், அதுதான் விதி. பலகையை மாற்ற வேண்டுமானால் குடும்பத்தின் விருப்பம் எழுத்தில் வேண்டும். அதனால்தான் அந்த இரண்டு கட்டங்கள். வடக்கா, தெற்கா. மே மாதம் முடிவதற்குள் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் தெற்குக்கு மாற்றிவிடுவார்கள். அலுவலகக் கடிதத்தின் கடைசி வரி அதுதான். சிலர் கடைசி வரி வரைக்கும் படிக்க மாட்டார்கள் என்பதால் இங்கே மறுபடியும் சொல்கிறேன்.

பலகை இடம் மாறும் என்று வெங்காயக் கொட்டகைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லி வரும்படி லாசிட்டர் என்னை அனுப்பினார். ஒரு மரியாதைக்குத்தான். யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்று நினைத்தோம். முனையில் மிஸ் டோரத்தியின் பெட்ரோல் கடை இருக்கிறதல்லவா, அங்கே போனேன். விஷயத்தைச் சொன்னேன். காபி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஆண்கள் என் பக்கம் திரும்பினார்கள்.

"மாத்துறதா? எதுக்கு மாத்தணும்?" என்றார் மிஸ் டோரத்தி. "வெண்டலோட முனைதானே இது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருடைய இரவு ரோந்து தெற்குப் பக்கம். உங்கள் வீடும் தெற்கே. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற மனிதருக்கு இந்த முனை எதிர்த்திசை. இங்கே அவருக்கு என்ன வேலை?

கேட்டதுதான் தாமதம், ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"வேகமா ஓட்டுறவனைப் பிடிக்கத்தான். வேறென்ன?"

"ஒருத்தனையாவது பிடிச்சிருக்கானா? நீ பாத்தியா? தூங்க வந்தான்யா. ராத்திரி பூரா முழிச்சவன் எங்கயாவது கண்ணை மூடணும்ல?"

"தூங்குறவன் வண்டியை ரோட்டு ஓரத்துல மூக்கை நீட்டிக்கிட்டு நிறுத்துவானா? ஒரு மரத்தடி கிடைக்காதா?"

"என் ரொட்டிக்கு வந்தான்," என்று மிஸ் டோரத்தி முடிவாகச் சொல்லிவிட்டார். "தினம் ரெண்டு. ஒண்ணு சாசேஜ் வச்சது, ஒண்ணு கரும்புப் பாகு ஊத்துனது."

"அப்ப வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம்ல? அரை மணி நேரம் உக்காந்து என்ன பண்ணான், ரொட்டிக்கு ஜெபமா பண்ணான்?"

சிரித்தார்கள். ஆனால் யாருக்கும் உண்மையில் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறார்கள். காலையில் அந்த இடத்தில் அவருடைய வண்டி நிற்பது பெட்ரோல் கடையின் விளக்குக் கம்பம் மாதிரி அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பும்போதும் அதையே யோசித்தேன். ஒரு மனிதர் தினமும் வீட்டுக்கு எதிர்த்திசையில் வந்து, அரை மணி நேரம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்துவிட்டுப் போவாரா?

அன்று சாயங்காலம் என் அம்மாவிடம் சும்மா சொன்னேன். என் அம்மா ஒஃபேலியா வெங்காயக் கொட்டகையில் தரம் பிரிக்கிற வேலை செய்கிறாள். நாங்கள் இருக்கும் டிரெய்லர் வீடுகள் நெடுஞ்சாலைக்கு மேற்கே, கொட்டகை கிழக்கே. அவள் சோளமாவைத் தட்டிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்:

"எங்களுக்காகத்தான் வந்தார்."

"உங்களுக்காகவா? எப்படிம்மா தெரியும்?"

"எங்களுக்குத் தெரியாம யாருக்குடி தெரியும்?"

"இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கவே இல்லையே மகளே."

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கொட்டகையில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கும். பெண்கள் எல்லோரும் கூட்டமாக நடந்தேதான் சாலையைக் கடப்பார்கள். அந்த முனையில் நாலு பக்கமும் நிறுத்தப் பலகை இருக்கிறது, மேலே சிவப்பு விளக்கு மின்னுகிறது. ஆனால் அந்த நேரத்தில் லாரிகள் நிற்பதில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, அப்படியே உருண்டு போய்விடும். ஒரு அறுவடைக் காலத்தில் சாயோ அத்தையை ஒரு லாரி இடித்துவிட்டது. அத்தை என்றால் சொந்தம் இல்லை, பக்கத்து டிரெய்லர். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. லாரி நிற்காமலே போய்விட்டது. அன்று முதலில் வந்தவர் உங்கள் கணவர். ஆம்புலன்ஸ் வரும்வரை சாலையிலேயே மண்டியிட்டு அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். அவர் சொன்னது அத்தைக்குப் புரியவில்லை, அத்தை ஸ்பானிஷில் சொன்னது அவருக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார்களாம்.

மறுநாள் காலையில் அவருடைய வண்டி அங்கே நின்றது. அதற்கு மறுநாளும்.

"முதல்ல பயந்துட்டோம்," என்றாள் அம்மா. "இந்த நாட்டுல இருக்கறதுக்குக் காகிதம் இருக்கான்னு கேக்க வந்திருக்கார்னு நினைச்சோம். பாதிப் பேருக்குக் காகிதம் ஏது? அவர் வண்டியைப் பாத்ததும் கீழ இறங்கி, ரோட்டுக்கு அடியில போற சாக்கடைக் குழாய் வழியா குனிஞ்சு போனோம். ஒரு வாரம் அப்படித்தான். முட்டி வரைக்கும் சேறு. சூப்பர்வைசர் ஒரே திட்டு, காலைக் கழுவிட்டு வாங்கடின்னு."

பிறகு ஒரு நாள் பலத்த மழை. குழாய் நிரம்பிவிட்டது. பெண்கள் சாலை ஓரத்தில் நின்றார்கள். மேலே ஏறவும் பயம், கீழே போகவும் வழி இல்லை. அவர் வண்டியிலிருந்து இறங்கினார். மழையில் நடுச்சாலைக்கு வந்து, வந்துகொண்டிருந்த லாரியைப் பார்த்துக் கையை நீட்டினார். லாரி நின்றது. அவர் இவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாராம். போங்க என்று.

"அன்னைக்கு அவர் எங்க மூஞ்சியைக்கூடப் பாக்கலை. லாரியைத்தான் பாத்துட்டு நின்னார். அப்பதான் எங்களுக்குப் புரிஞ்சுது."

அதற்குப் பிறகு அவர் இறங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஷெரிஃப் வண்டி நிற்கிறது என்றால் எந்த லாரியும் நின்றுதான் போகும். கடைசிப் பெண்ணும் கடந்த பிறகு அம்மா கையை உயர்த்துவாள். அவர் முன்விளக்கை ஒரு முறை மின்னவிட்டுக் கிளம்புவார். வருடக் கணக்கில் அவர்களுக்குள் நடந்த பேச்சு வார்த்தை அவ்வளவுதான். அவருடைய பெயர்கூட என் அம்மாவுக்குப் பலகை வந்த பிறகுதான் தெரியும். அதுவரை அவர்கள் வைத்திருந்த பெயர் "ரெண்டு ரொட்டி". வண்டிக்குள் உட்கார்ந்து இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, சட்டையில் விழுந்த துகளை ஒவ்வொன்றாகத் தட்டுவாராம். கண்ணாடியில் வாயைப் பார்த்துத் துடைப்பாராம். "பொண்டாட்டிக்குத் தெரியாம திங்கிறவன் அப்படித்தான் துடைப்பான்" என்று சாயோ அத்தை சொல்லி எல்லோரும் சிரிப்பார்களாம்.

நான் இதை மிஸ் டோரத்தியிடம் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கல்லாவுக்குப் பின்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திருமதி டீஸ்லி, இதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். மிஸ் டோரத்திதான் "எழுதுடி கண்ணு, என் பேரைச் சொல்லியே எழுது" என்றார். ஒரு முறை நீங்கள் அந்தக் கடைக்கு வந்து, வெண்டல் காலையில் இங்கே வருகிறாரா, எவ்வளவு நேரம் இருப்பார் என்று கேட்டீர்களாம். அப்போது மருத்துவர் அவருக்குச் சர்க்கரை என்று சொல்லி, நீங்கள் வீட்டில் ஓட்ஸ் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்த சமயம். ரொட்டி விஷயம் தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்று மிஸ் டோரத்தி நினைத்துக்கொண்டார். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, "ஒரு காபி வாங்குவான், வாங்குன உடனே போயிடுவான்" என்று சொல்லிவிட்டார்.

"அவ மூஞ்சி மாறுச்சு," என்றார் மிஸ் டோரத்தி. "காபியையும் நிறுத்தச் சொல்லப் போறாளோன்னு நான் நினைச்சேன். அந்த அரை மணி நேரத்துக்கு நான் பதில் இல்லாம பண்ணிட்டேன்னு எனக்கு அப்ப உறைக்கலை. அவகிட்ட சொல்லு. அவன் இங்கதான் இருந்தான். என் கண்ணாடி வழியா எனக்குத் தெரியிற இடத்துலதான் இருந்தான். தனியா உக்காந்து ரெண்டு ரொட்டி தின்னான். அதுக்கு மேல ஒண்ணுமில்ல."

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். இதைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்லக் கூடாது.

அவர் உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்கள் இருக்கிற விஷயம் வெளியே பரவ வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அல்லது கடையைப் பற்றிப் பேச்சு வந்தால் ரொட்டியும் வெளியே வந்துவிடும் என்று பயந்திருக்கலாம். இரண்டாவதுதான் சரி என்கிறாள் என் அம்மா. ஆண்கள் பெரிய விஷயத்தை மறைப்பதே சின்ன விஷயத்துக்காகத்தான் என்கிறாள். உங்களுக்குத்தான் அவரைத் தெரியும்.

அவர் போன பிறகு லாரிகள் பழையபடி உருள ஆரம்பித்தன. பெண்கள் கைவிளக்கைக் காட்டிக்கொண்டு சாலையை ஓடிக் கடந்தார்கள். மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படிப்பட்ட கடிதங்களை நானே எழுதுவதால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பலகை வந்த பிறகு ஏதோ மாறியிருக்கிறது என்று அம்மா சொன்னாள். நான் நம்பவில்லை. ஒரு பெயர்ப் பலகை என்ன செய்யும்? பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் காலையில் அவர்களோடு போனேன். பலகையின் மேலே ஷெரிஃப் நட்சத்திரம் வரைந்திருக்கிறார்கள். முன்விளக்கு வெளிச்சம் பட்டால் முதலில் மின்னுவது அதுதான். லாரிக்காரன் தூரத்திலிருந்து நட்சத்திரத்தைப் பார்க்கிறான், கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. கிட்டே வந்த பிறகு எழுத்தைப் படிக்கிறான். படிப்பதற்குள் வண்டி நின்றுவிடுகிறது. எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் நிறைய வண்டிகள் நின்றன. நானே பார்த்தேன்.

ஒரு ஓட்டுநர் நின்று, ஜன்னலை இறக்கி, "எங்க போலீசு? ஒளிஞ்சிட்டிருக்காரா?" என்று கேட்டான்.

என் அம்மாவுக்கு ஆங்கிலம் அதிகம் வராது. பலகையைக் காட்டி, "இருக்கார். நீ நில்லு," என்றாள். அவன் பலகையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கடைசிப் பெண் கடந்து முடியும்வரை நின்றான். கடந்த பிறகு அம்மா பழக்க தோஷத்தில் பலகையைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

ஆனால் நான் சார்ஜெண்ட் பிகெட்டின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது நியாயம் இல்லை. அவர் மோசமான மனிதர் இல்லை. நான் வெங்காயக் கொட்டகைப் பக்கம் அடிக்கடி போவது தெரிந்து அவரே என்னிடம் வந்தார். இந்த முறை தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"பாரும்மா, நீ படிச்ச பொண்ணு. நான் சொல்றது உனக்குப் புரியும். அவன் செத்த அன்னைக்கு அந்த மூடுபனியில நான் ரெண்டாவது வண்டியில வந்தேன். கவிழ்ந்து கிடந்த பிக்கப்பிலேருந்து அந்தக் குடும்பத்தை இழுத்து வெளிய போட்டுட்டு, பின்னாடி வர்ற வண்டிக்கு விளக்கு காட்ட ரோட்டுக்குப் போனான், அந்த வண்டியே அடிச்சிடுச்சு. அவ்வளவுதான். அந்த இடத்துல இன்னைக்குப் போய்ப் பாரு, ஒண்ணுமே இல்ல. புல்லு. ஒரு பீர் டப்பா. எங்க பசங்க வருஷா வருஷம் ஒரு கொடி நடுறோம், புல்லு வெட்டுற மெஷின் அதையும் மென்னுட்டுப் போயிடுது. ஒரு ஆள் விழுந்த இடத்துல அவன் பேரு நிக்க வேணாமா?"

வேண்டாம் என்று யாரால் சொல்ல முடியும்? அன்று வேலை முடிந்து ஓடைப் பள்ளத்துக்கும் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு வண்டிகூட வரவில்லை. தவளைச் சத்தம் மட்டும்தான். நல்ல அமைதியான இடம். நீங்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் அதில் யாரும் தப்புச் சொல்ல முடியாது.

லாசிட்டர் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "நீ எந்தப் பக்கமும் சாயக் கூடாது, யெசேனியா. கடிதத்துல ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இருக்கக் கூடாது. அந்தம்மா ஏற்கெனவே சுமந்தது போதும். ரெண்டு இடத்தையும் எழுது, அவங்க சொல்லட்டும்." அவர் சொன்னது சரி. அதனால்தான் அலுவலகக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் கூடவில்லை. அந்த இரண்டு கட்டங்களையும் ஒரே அளவில்தான் வரைந்தேன். வடக்கை முதலில் போட்டால் சாய்ந்ததாகிவிடுமோ என்று தெற்கை முதலில் போட்டேன்.

சாயோ அத்தை இப்போது கொட்டகைக்குப் போவதில்லை, கால் ஒத்துழைக்கவில்லை. ஆனாலும் நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு நேற்று வந்தாள். அன்று ரோட்டில் அவர் தன்னிடம் பேசிக்கொண்டே இருந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கச் சொன்னாள். அவளுக்கு ஒரு சொல் மட்டும் நினைவிருக்கிறது. திரும்பத் திரும்ப வந்த சொல். அவள் ஒரு மாதிரி உச்சரித்துக் காட்டினாள். ரெனிட்டா என்று எனக்குக் கேட்டது. அது யாருடைய பெயர் என்று அவளுக்குத் தெரியாது. உங்கள் பெயர் என்று நான் சொன்னேன். பிறகு, "வலிக்கிறவகிட்ட நம்ம வீட்டு ஆளைப் பத்தித்தானே பேசுவோம்" என்றாள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். மாதிரிப் பலகையை எங்கே அனுப்ப வேண்டும் என்று சொன்னால், மூலை மடங்காமல் நானே கட்டி அனுப்புகிறேன். பதில் எழுத மனம் வராவிட்டால் அதையும் நான் புரிந்துகொள்வேன். கடவுள் உங்களோடு இருக்கட்டும் என்று என் அம்மா சொல்லச் சொன்னாள்.

இதுவரை நான் எந்தப் பக்கமும் சாயாமல் எழுதிவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது மேலிருந்து படித்துப் பார்த்தால் அது பொய் என்று எனக்கே தெரிகிறது. அதனால் கேட்டுவிடுகிறேன். என் பெயரில் கேட்கிறேன், அலுவலகத்தின் பெயரில் இல்லை. ஓடைப் பள்ளத்தில் அவர் தன் வேலையை முடித்துவிட்டார், திருமதி டீஸ்லி. இங்கே இன்னும் முடிக்கவில்லை. வடக்கு என்ற கட்டத்தில் குறியிடுங்கள். அவர் பெயரை இந்த முனையிலேயே விட்டுவையுங்கள். என் அம்மா நாளைக் காலையும் அந்தச் சாலையைக் கடப்பாள்.

மிகுந்த மரியாதையுடன்,
நீங்கள் காரணம் கேட்காமல் சீட்டு எழுதிக் கொடுத்த,
யெசேனியா பராகான்